பைபிள் மேல் இரண்டு கைகள்

பௌர்ணமி. ஞாயிறு இரவு.

ஜெனிட்டாவுக்காக இன்று ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. புருஷன் சார்லஸ் அடிக்கிறான் என்று பொங்கலிலிருந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். விவாகரத்து கேட்கிறாள்.

"சட்டம் மாறும். வசனம் மாறுமா?" என்றார் பாஸ்டர்.

"அடி வாங்கிக்கினு இருன்னு எந்த வசனத்துல இருக்குங்க ஐயா?" என்று கேட்டாள் கிரேஸ் டீச்சர்.

கமிட்டியில் அவளை விட்டால் பெண் என்று நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இன்னொரு தடவ போய்ப் பாரும்மா" என்றேன் ஜெனிட்டாவிடம்.

சார்லஸ் அழுதான். இருவரையும் பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார் பாஸ்டர். அவள் கைமேல் இவன் தன் கையை வைத்து அழுத்தினான். அவள் விரல் நுனிகள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஆட்டோ கிடைக்காமல் இருவரும் கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்தே அவன் வீட்டுக்குப் போனார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மனசு கேட்காமல் சற்றுமுன் அவளுக்குப் போன் செய்தேன். அவன்தான் எடுத்தான்.

"தூங்கறாக்கா. அவகிட்ட எதுனா சொல்லணும்னா இனிமே என்கிட்டயே சொல்லுங்க" என்றான், மரியாதையாக. பின்னால் பக்கெட் நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம். பேசி முடிக்கும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

மறுபடி அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

பாஸ்டர் காலையில் பார்க்கலாம் என்கிறார். கிரேஸ் ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள். கூட்டத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு அங்கே போக வேண்டும். அதுவரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதுகிறேன்.

அந்தக் குழாயை ஏன் யாரும் மூடவில்லை?