ஓபீர் சந்தில் கம்பி அடித்தது நான்தான்

ஓபீர் சந்து, லோமிஸ்
செவ்வாய்க்கிழமை

டூஷானுக்கு குக்கோ எழுதுவது.

நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. பீனிக்ஸில், மகள் மிலிட்சா வீட்டில், ஏசி ஓடுகிற அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவன் நலமாகத்தான் இருப்பான். இங்கே நாங்கள் நலமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் டெல்ஃபினா படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கீழே ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் போட்டால் நீ குறுக்கே பேசுவாய், முழங்கால் வலியை ஆரம்பிப்பாய், பிறகு மிலிட்சாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்துவிடுவாய். கடிதமென்றால் நான் பேசி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அவள் விழுந்தது எங்கே தெரியுமா? உன் வீட்டு வாசலில். கம்பி தொங்குகிற தளத்துக்கு இரண்டு படி கீழே. உன் வீட்டில் வாடகைக்கு வந்து இறங்கியவர்கள் சக்கரம் வைத்த பெட்டியைப் படியிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போய் ஜன்னலைத் திறந்து காட்சியை ரசித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மாவும் மிளகாயும் வாங்கிக்கொண்டு மேலே வந்தவள், பெட்டியைச் சுற்றிப் போகப் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் கைப்பிடி இல்லை. கைப்பிடி போன வருஷமே உடைந்தது. நான் மிலிட்சாவிடம் சொன்னேன். சரி செய்கிறேன் மாமா என்றாள். இன்றுவரை செய்யவில்லை.

நான் அடுப்பில் பன்றிக்கறி வைத்திருந்தேன். சத்தம் கேட்டு இறங்கினேன். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை, டூஷான். கையை அவள் தோளுக்கடியில் கொடுத்துப் பார்த்தேன், இழுத்தேன், எனக்கு மூச்சு அடைத்துக்கொண்டு கண் இருட்டிவிட்டது. என் நெஞ்சுக்குள் பாதி இப்போது கல்தூசிதான் என்று உனக்குத் தெரியும். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம்தான் எழுந்து கம்பியை அடித்தேன்.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். அது பாறையில் துளை போடுகிற கம்பி. உன் அப்பாவும் என் அப்பாவும் சேர்ந்து அதை அங்கே தொங்கவிட்டார்கள். ரோடு இல்லாத சந்து, ஆம்புலன்ஸ் ஏறாது, ஆகவே படிக்கட்டில் யாரையாவது தூக்கவேண்டி வந்தால் சுரங்கத்தில் விபத்துக்கு மணி அடிக்கிற அதே கணக்கில் கம்பியை அடிக்க வேண்டும். கேட்டவன் வர வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி. ஒருமுறை நீ இடுப்பில் துண்டோடு ஓடி வந்தாயே, சந்தில் இருந்த பெண்கள் ஒரு மாதம் சிரித்தார்கள். லியூபிட்சாவுக்கு மாரடைப்பு வந்த அன்று நீ அடித்தாய். அப்போதே என் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் எடை தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். நான் வந்தேனா இல்லையா? உன் பெண்டாட்டியின் கால்பக்கத்தைப் பிடித்துக் கடைசிப் படிவரை இறங்கினேனா இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை என் பெண்டாட்டிக்காக நான் அடித்தபோது உன் வீட்டுக் கதவுதான் முதலில் திறந்தது. அரைக்கால் சட்டையோடு ஒருவன் வந்தான், பின்னால் அவன் பெண்டாட்டி ஒயின் கிளாஸோடு. எதிர்வீட்டிலிருந்தும் நாலைந்து பேர். எல்லார் கையிலும் போன். நான் அடிக்கிறேன், அவர்கள் படம் பிடிக்கிறார்கள். அடித்து முடித்ததும் கைதட்டினார்கள், டூஷான். சனிக்கிழமைகளில் பெரிய தெருவில் துப்பாக்கிச் சண்டை நடித்துக் காட்டுகிறார்கள் அல்லவா, இதுவும் அதுமாதிரி ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். கிழவன் கம்பி அடிக்கிறான், கிழவி படியில் கிடக்கிறாள், நன்றாகத்தான் நடிக்கிறார்கள் என்று. அந்த அரைக்கால் சட்டை என்னைப் பார்த்துச் சொன்னான்:

"பிரமாதம் சார். வீடியோ சரியா விழல, இன்னொரு வாட்டி அடிங்க."

டெல்ஃபினா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்குக் கம்பிச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அடிச்சுட்டல்ல, விடு. டூஷான் வந்துடுவான்" என்றாள். நீ ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது அந்த வலியில் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. ஆமாம் என்றேன்.

அந்த அரைக்கால் சட்டைக்காரனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் காலைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. படம் பிடிப்பதை விட்டுவிட்டு ஓடி வந்தான். அவன்தான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னான். அவர்கள் தூக்குப்படுக்கையோடு வந்ததும் ஒரு மூலையை அவன் பிடித்தான். வெறுங்காலோடு, படியில் விரல் இடித்து ரத்தம் வர வர, கீழேவரை இறங்கினான். மன்னிச்சிடுங்க மன்னிச்சிடுங்க என்று வழியெல்லாம் அழுதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆல்வின் பென்ரோஸ் மேலே வீட்டில்தான் இருந்தான். நம் சந்தில் என்னையும் அவனையும் விட்டால் இப்போது குடியிருப்பவர் யார்? மற்றதெல்லாம் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரிக்கு வருகிற கூட்டம். அவன் வரவில்லை. மறுநாள் காலையில் வந்து என் வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "எனக்குக் கேட்டுது குக்கோ. டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டேன்" என்றான். நாளெல்லாம் எவனாவது அடித்துக்கொண்டே இருக்கிறான், குழந்தைகள் அடிக்கின்றன, குடித்தவன் அடிக்கிறான், எது நிஜம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். கேட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதான். அவனை நான் என்னவென்று திட்டுவது? போன மாதம் கம்பிச் சத்தம் கேட்டபோது நானே ஜன்னலைச் சாத்தினேன்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். எவனாவது அடிக்கிறானே, ஏன் அடிக்கிறான்? நீ எழுதி வைத்திருப்பதால் அடிக்கிறான்.

கம்பிக்குப் பக்கத்தில் அடித்துப் பாருங்கள் என்று தொங்குகிற பலகை மிலிட்சா வைத்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சின்னப்பெண், வியாபாரத்துக்காக ஏதோ செய்கிறாள், என் கையில் ஞானஸ்நானம் பெற்ற பெண், போகட்டும் என்று விட்டேன். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தீயணைப்புக்கார வெஸ்லி தன் போனில் உன் வீட்டு விளம்பரத்தை எடுத்துப் படித்துக் காட்டினான். பழைய சுரங்கத் தொழிலாளியின் வீடு, ஊரின் பின்சந்துகளைக் கால்நடையாகச் சுற்றிப் பாருங்கள், வாசலில் தொங்கும் கம்பியை அடியுங்கள், செத்துப்போன தொழிலாளி ஒருவன் மலைக்குள்ளிருந்து பதில் சொல்வான். கடைசியில் உன் பெயர். டூஷான் சொன்ன கதை என்று. உன் படம் வேறு, தலையில் அந்த விளக்குத் தொப்பியோடு.

யாருடா அந்தச் செத்துப்போன தொழிலாளி? உன் அண்ணன் ஸ்டேவோவா? ஸ்டேவோவைக் கூரை சரிந்து மூடிய அன்று சுரங்கத்தில் அடித்த மணியைக் கேட்டுத்தானே உன் அம்மா தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு இந்தப் படிகளில் இறங்கி ஓடினாள்? அந்த மணிக்கணக்கை நீ விளையாட்டுச் சாமானாக ஆக்கியிருக்கிறாய். எப்படி மனசு வந்தது உனக்கு?

இருமல் வந்துவிட்டது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். ஒரு வரியையும் அடிக்கப்போவதில்லை.

டெல்ஃபினாவுக்கு எலும்பில் ஆணி வைத்திருக்கிறார்கள். சூப் குடித்தாள். உப்பில்லை என்று நர்ஸோடு சண்டை. வாய் நன்றாக இருக்கிறது, பயப்படாதே. பக்கத்துக் கட்டிலில் ஒரு டூரிஸ்ட் பெண், குதிரையிலிருந்து விழுந்தவள். ஓபீர் சந்தில் நிஜமாகவே ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறாள். இவள் சொன்னாளாம்: "இல்லம்மா. சீசனுக்கு மட்டும் எங்கள வெளிய எடுத்து வைப்பாங்க." அந்தப் பெண் அதை நம்பிவிட்டாள்.

சிரித்துவிட்டு வெளியே வந்தால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள். வெள்ளிக்கிழமை டெல்ஃபினாவை அங்கிருந்து அனுப்ப வேண்டும். படிக்கட்டு வீட்டுக்கு அனுப்ப அவளுக்குச் சம்மதமில்லை. வாரம் இரண்டு தடவை கீழே கொண்டுவந்து காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். "தூக்குறதுக்கு அந்தத் தெருவுலயே இருக்குற ஆளுங்க வேணும். ஒருத்தர் ரெண்டு பேர் பத்தாது. இல்லன்னா டூசான் நகரத்துல இருக்குற முதியோர் இல்லத்துலதான் சேர்க்கணும்" என்றாள்.

டூசான் நகரத்து இல்லம். நாலு சுவரும், பிளாஸ்டிக் பூவும், முன்பின் தெரியாத கிழவிகளும். டெல்ஃபினா அங்கே போனால் திரும்பி வரமாட்டாள், டூஷான். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இனிமேல் எழுதுவது கோபமில்லை, கேட்பது. கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்கிறேன், கவனமாகப் படி.

வெஸ்லியும் அவன் தம்பியும் தினமும் மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். ஏனென்று கேட்டேன். இந்த ஊரில் குடியிருக்க வீடு கிடைக்கவில்லையாம். எல்லா வீடும் டூரிஸ்டுக்கு. ஊரில் தீப்பிடித்தால் அணைக்கிறவனுக்கு ஊரில் வீடில்லை. உன் வீட்டின் கீழ்ப்பாகத்தை அவர்களுக்கு மாத வாடகைக்கு விடு. இரண்டு பேருக்கும் தோள் இருக்கிறது. சந்தில் இருந்தால் தூக்குகிறோம் என்று சொன்னார்கள், நான் கேட்காமலேயே. மிலிட்சாவுக்குக் கிடைக்கிற காசு குறையும். குறையட்டும். அவளிடம் நீ பேசு, நான் பேசினால் சண்டையாகும்.

பலகையை நானே இன்று கழற்றிவிட்டேன். ஆல்வின் ஏணியைப் பிடித்துக்கொண்டான். திருப்பிக் கேட்காதே, அடுப்பில் போய்விட்டது.

மேல்பாகத்தில் உன் அறை இருக்கிறது. உன் கட்டிலில் இப்போது யார் யாரோ படுக்கிறார்கள். நீ வந்து படு. தூக்குவதற்கு உன்னைக் கூப்பிடவில்லை, உன் முழங்காலைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். படியில் முன்னால் இறங்கி, பெட்டி வைத்திருக்கிறவனை எடுடா என்று சத்தம் போட ஒரு ஆள் வேண்டும். உன்னைவிட அசிங்கமாகத் திட்டக்கூடியவன் இந்த மாவட்டத்திலேயே இல்லை.

டாக்டர் ஆட்களின் பெயர் கேட்டாள். ஆல்வினைச் சொன்னேன். வெஸ்லியையும் தம்பியையும் சொன்னேன். நாலாவது யார் என்றாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். உங்களுக்கு அவர் என்ன உறவு என்று கேட்டாள். சுரங்கத்தில் என் ஜோடி, இருபது வருஷம் ஒரே லிஃப்ட் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினோம் என்றேன். சின்ன வயசுப் பெண், அவளுக்கு அது விளங்கவில்லை. சரி, நண்பர் என்று வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் திருத்தவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் ஜோடி வந்து சேராமல் எவனும் கூண்டில் ஏறமாட்டான் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இதை இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன், நாளைக்குக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் உனக்குப் போன் செய்வாள். ஓபீர் சந்தில் குடியிருப்பவர்தானா என்று மட்டும் கேட்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள். மிலிட்சாவின் கையில் போனைக் கொடுக்காதே. நீயே பேசு.

சுரங்கக்காரர்களைக் காக்கிற புனித பார்பரா உன் முழங்காலையும் காப்பாற்றட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

குக்கோ