எந்தக் கடல் என்று நான் படிக்கவில்லை

கடலைப் பார்த்துவிட்ட என் அண்ணனுக்கு,

உலகச் சண்டை முடிந்துவிட்டது. கப்பலுக்குப் போன கம்பைநல்லூர்க்காரர்கூட ஊர் திரும்பிவிட்டார். நீ போய் நான்கு வருஷமாகிறது. வானத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது அண்ணா. இந்த வருஷமும் மழை கண்ணாமூச்சி ஆடுகிறது.

அமெரிக்கா போகும் கப்பலில், வாளி விட்டுக் கடல் தண்ணீரை இறைத்துச் சூடு பார்த்துத் துரையிடம் சொல்வதுதானே உன் வேலை? ஒரு கடிதத்தில் எழுதினாய்: "கிழக்கே வெகுதூரத்தில் பசிபிக் என்று ஒரு பெருங்கடல். இந்த வருஷம் அங்கே தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடு. சூடான கடலில்தான் மேகம் கட்டும்."

அன்று பகலெல்லாம் எரு சுமந்த களைப்பு எனக்கு. எழுத்தறியாத அப்பா பசிபிக்கை எங்கே கண்டார் என்று அந்த வரியைத் தாண்டிப் படித்தேன். கடலையே பார்க்காத எனக்குக் கடல் ஒன்றுதானே?

"கடல் சூடா இருக்குதாம்ப்பா. மேகம் கட்டுமாம்" என்றேன்.

"எம்மவனே சொல்லிட்டான், அப்பறம் என்ன? வெதக் கேவுரு பானைய எறக்கு" என்றார்.

முதல் தூறலிலேயே பானையிலிருந்த கேழ்வரகு முழுவதையும் விதைத்தார். முளைத்தது, பிறகு மழையே இல்லை, கருகிப்போனது. "உன் பேச்சைக் கேட்டு விதையும் போச்சு" என்று உனக்கு எழுதச் சொன்னார். நானும் எழுதினேன்.

நீ கோபிக்கவில்லை. "நான் சொன்னது பசிபிக் கடலைப் பற்றி, நம் பக்கத்துக் கடலைப் பற்றி அல்ல. நீராவி மேகமாகும்போது தன்னிடமுள்ள சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும். காற்று இன்னும் மேலே எழும்பும். மழை அங்கேயே கொட்டிவிடும். நம் பக்கம் காற்று கீழே இறங்கி வறண்டுவிடலாம், எல்லா வருஷமும் அப்படியல்ல என்கிறார் துரை. அப்பாவுக்கு விளக்கிச் சொல்" என்றாய்.

சொல்லவில்லை. பயம். "அண்ணன் நலம்" என்று மட்டும் படித்துவிட்டுப் பெட்டியில் பூட்டினேன். அடுத்த மாதமே தந்தி வந்தது. காய்ச்சலில் நீ போய்விட்டாயாம்.

நேற்று அப்பா இந்த வருஷத்துக்கென்று வைத்திருக்கும் ஒற்றை விதைப்பானையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அவன் பேச்சக் கேட்டுத்தான் கெட்டேன். ஆனாலும் அவன் இருந்தா, எப்ப வெதைக்கலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்."

கெடுத்தது நீயா, நானா?

நாளைக் காலையில் பெட்டியைத் திறக்கிறேன் அண்ணா. இரண்டு கடிதங்களையும் ஓர் எழுத்து விடாமல் அப்பாவுக்குப் படிக்கிறேன், பசிபிக் என்பதையும் சேர்த்து. அவர் என்னை அடித்தாலும் சரி. இனி இந்த வீட்டில் அந்தப் பழி உன்மேல் இருக்காது.

அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிய
உன் தங்கை,
செல்லி