பாக்தாத்தின் முன்பாதி

பழைய பேப்பர்காரர் அந்தப் புத்தகத்தைத் தராசில் வைக்கவில்லை. கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னட்டை இல்லை. முதல் தாளே ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்குகிறது. "இன்னாம்மா, பாதி புக்குதான் கீது. மீதி எங்க?" என்றார். யாராவது திடீரென்று கேட்டால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பிளேடு வைத்து நீ அறுத்த ஓரம் இன்னும் நேராக இருக்கிறது.

அவரிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

கல்லூரி மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் மூர் மார்க்கெட் முழுக்கத் தேடியும் நமக்கு ஒரே ஒரு பழைய பிரதிதான் கிடைத்தது. 'அப்பாசியப் பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும்' என்ற வரலாற்றுப் புத்தகம். இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, நீ பையிலிருந்து பிளேடை எடுத்தாய். நான் பதறி உன் கையைப் பிடித்தேன்.

"இன்னாடி, கோழியா அறுக்கறேன்? புக்கு தான். பாரு, இதோட செழிப்பு முடியுது. அப்பால ஒரே அழிவு. ராஜா ஷோக்கா வாழ்றதெல்லாம் என்னுது. சாவறதெல்லாம் உன்னுது. உன் மூஞ்சிக்கு அதான் கரீட்டு."

உன் பாதியை நீ படித்து எனக்குச் சொல்வாய். நீ முடித்த பிறகு என் பாதியை நான் உனக்குச் சொல்வேன். அதுதான் ஏற்பாடு. வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூடச் சத்தமாகக் குரல் கொடுக்காத எனக்கு, முதலில் கேட்பவளாக இருப்பது நிம்மதியாக இருந்தது.

நீ சொல்வதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தாய். திருவொற்றியூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படிகள். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்ட முடியாதபடி நிலக்கரி வேகன்கள் நின்றிருக்கும். வண்ணாரப்பேட்டைப் பக்கம் போகும் வண்டியைப் பிடிக்கப் பாலம் ஏறித்தான் ஆகவேண்டும். எல்லோரும் நம்மை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். நீ மட்டும் பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவாய்.

"நில்லுடி. முக்கியமான கட்டம்."

வண்டி வந்துவிடும் என்பேன். "அது கெடக்குது. ஆயிரம் வருசத்து ராஜா கத சொல்றேன், உனக்கு ஒன்பது மணி வண்டி பெருசா போச்சா?" என்பாய். பிறகு மெதுவாகத் தொடங்குவாய். பேரரசரான கலீபா டைகிரிஸ் ஆற்றங்கரையில் வெறும் மண்ணில் நின்று, தான் கட்டப்போகும் பாக்தாத் நகரம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். தரையில் சாம்பலால் வட்டம் போட்டார்கள். வட்டத்தின் மேல் பருத்திக்கொட்டையைப் பரப்பி, நாப்தா எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஒரு செங்கல்லும் வைக்காத ஊர் நெருப்பு வட்டமாக எரிந்தது. மணலிப் பக்கம் எண்ணெய் ஆலையின் தீ நாக்கு வானத்தில் ஆடிக்கொண்டிருக்க, நீ அதைக் கைகாட்டினாய். "அத்த மாதிரி. ஊரு சைஸ மொதல்ல நெருப்புல பாத்துக்கினாரு நம்மாளு."

அதன்பின் சில படிகள். மறுபடி நிற்பாய். காகிதக் கடைகளுக்கென்றே ஒரு கடைத்தெரு இருந்தது என்பாய். கிரேக்கத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் வந்த ஏடுகளை அரபிக்கு மாற்ற ஆட்களை உட்காரவைத்தார்கள் என்பாய். "நம்ம ஒண்ணு ரெண்டு மூணு தான்டி அங்க போயி, அங்கருந்து வெள்ளக்காரன் கிட்ட போச்சு. கணக்குல நீ பெயிலானதுக்கு நம்மாளுங்க தான் காரணம்."

பாலத்தின் உச்சிக்கு வந்ததும் நீ சொல்லும் கதை எப்போதும் ஆஸ்பத்திரியைப் பற்றியதாகவே இருந்தது. அதை மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். பாக்தாத்தில் புது மருத்துவமனை கட்ட இடம் தேடிய மருத்துவர், ஊரின் பல மூலைகளில் பச்சை இறைச்சியைத் தொங்கவிட்டாராம். எந்த இடத்தில் மெதுவாகக் கெட்டதோ, அந்தக் காற்றுதான் நோயாளிக்கு நல்லது என்று அங்கே கட்டச் சொன்னாராம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வைத்தியம். "நம்ம ஏரியால கறிய தொங்க வுட்டா காக்கா தூக்கினு போயிடும். அப்பால காக்கா கூட்டுக்கு பக்கத்துல தான் ஆஸ்பத்திரி கட்டணும்" என்று சிரிப்பாய். சிரிப்பு முடியும்போது உன் உதடு வெளுத்திருக்கும். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீ கல்லூரிக்கு வரமாட்டாய். கேட்டால் ரேஷன் கடை என்பாய்.

டிகிரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நீ கேலி பேசியதில்லை. "எங்க வூட்ல ரேஷன் கார்டு தவுர எதுலயும் எங்க பேரு அச்சுல வந்தது இல்ல. கருப்பு அங்கி போட்டு ஒரு போட்டோ. சுவத்துல மாதா படத்துக்குக் கீழ மாட்டணும். அது மட்டும் ஆயிடுச்சுன்னா போதும்." போதும் என்று நீ சொன்ன விதத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அச்சில் பெயர் வந்ததில்லை. ஹார்பரில் மூட்டை தூக்கும் அப்பா என் ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்து, எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தவர். அந்த ஆசைதான் உனக்கும் என்று எண்ணிக்கொண்டேன். உனக்கு அது அவசரம் என்று தெரியாது.

கடைசி செமஸ்டருக்குச் சில வாரங்கள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை படிக்கட்டின் கீழே உனக்காக நின்றிருந்தேன். வண்டி போனது. அடுத்ததும் போனது. நீ வரவில்லை.

உன் வீட்டு வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் உனக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தார்கள். விரல்களில் ஜெபமாலை. பக்கத்தில், அட்டையோடு, புத்தகத்தின் முன்பாதி. உன் தலையணை ஓரத்தில் கிடந்ததாம். மார்க்கெட்டில் மீன் விற்கும் உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அது பாதிதான் என்றும் தெரியாது. படித்த பிள்ளை, புத்தகத்தோடு போகட்டும் என்று வைத்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பாக்தாத்தின் நல்ல காலமெல்லாம் உன்னோடு கல்லறைக்குள் போனது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, உன் அம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் வந்த தொண்டைக் காய்ச்சல் உன் இதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் ஊசி. ஆபரேஷனுக்குத் தேதி கேட்டால், பரீட்சை முடியட்டும் என்று நீயே தள்ளிப்போட்டாயாம்.

"படி ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிகினே இருந்தாரு கண்ணு. ஏறவே மாட்டேன்மான்னு எங்கிட்ட சத்தியம் பண்ணா" என்றார்.

கைப்பிடியைப் பற்றிய உன் கை. முக்கியமான கட்டம். நெருப்பு வட்டம், காகிதக் கடைத்தெரு, ஆஸ்பத்திரி. நீ எனக்குக் கதை சொல்வதற்காக நிற்கவில்லை. நின்றாக வேண்டியிருந்ததால் கதை சொல்லியிருக்கிறாய்.

என் பாதியின் முதல் அத்தியாயம் அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. தன்னைக் காக்க கலீபா விலை கொடுத்து வாங்கிய வீரர்களே பின்னாளில் கலீபாக்களை அரியணையில் வைக்கவும் நீக்கவும் தொடங்கினார்கள். தூரத்து மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வாய்க்கால்களைத் தூர் வார ஆளில்லை. இதெல்லாம் பாக்தாத்தை அழித்த மங்கோலியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தவை. காகிதக் கடைத்தெருவில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த அதே நாட்களில் நடந்தவை. நாம் புத்தகத்தை அறுத்த இடத்தில் அப்படி ஒரு கோடே இல்லை.

உன் அம்மா என் கையை விடவில்லை.

"சாவுக்கு வந்தவங்க எல்லாம் ஒண்ணுதான் சொல்லிட்டுப் போறாங்க. படிப்பு தான் அவள துன்னுட்சாம். வூட்ல படுக்க வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளாம். நான் தான் அனுப்புனேன். அவ கெஞ்சுனா, அனுப்புனேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படி இன்னாதான் படிச்சா எம்பொண்ணு? நீ கூடவே இருந்தவ. சொல்லு, கேக்கறேன்."

எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. "ஒரு ஊரு, அத்தை" என்று தொடங்கினேன். சாம்பல் வட்டத்தைச் சொன்னேன். தீ வைத்ததைச் சொன்னேன். ஏடுகளைச் சொன்னேன். உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆஸ்பத்திரிக் கதையில் குறுக்கிட்டார்.

"கறிய தொங்க வுட்டானா? காக்கா சும்மா வுடுமா?"

உன் குரல் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் கண்டேன்.

"அப்பால? அந்த ஊரு இன்னாச்சு?"

இனி என் பாதி. "வெளியிலிருந்து ஒரு படை வந்துச்சு அத்தை. புத்தகத்தையெல்லாம் ஆத்துல போட்டாங்க, தண்ணி மையா கறுத்து ஓடுச்சுன்னு சொல்வாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள கெட்டுப்போயிருந்துச்சு. யாருக்கும் தெரியல."

உன் அம்மா தலையை ஆட்டினார். "தெரிஞ்சிருக்கும். வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க."

வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அந்த ஊரு இப்ப கீதா?"

"இருக்கு அத்தை. அதே ஆத்தங்கரையில. ஜனங்க இருக்காங்க."

"ஊரு கீது" என்றார். "அதுல ஓடியாடிகினு இருந்தவங்க தான் இல்ல." பிறகு, "மொதல்லருந்து சொல்லு. அவ சொன்னா மாதிரியே சொல்லு."

அனுப்பியது சரி என்றோ தவறு என்றோ உன் அம்மா இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு நான் தனியாகப் போய் வந்தேன். உன் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே இருக்கும் போட்டோவில் நீ அங்கி போட்டிருக்கவில்லை. முடிந்த ஞாயிறுகளில் அங்கே போகிறேன். உன் அம்மா மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்வார். உன் பாதியைத்தான் கேட்பார். என் பாதியை மறுபடி ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது ஒரு சின்னப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். மற்ற பாடங்களில் குரல் பாதியில் நின்றுவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாக்தாத் வரும் நாளில் மட்டும் தடுமாற்றமில்லாமல் பேச வருகிறது. சாம்பல் வட்டத்துக்குப் பிறகு ஒருமுறை நிறுத்துகிறேன். காகிதக் கடைத்தெருவுக்குப் பிறகு ஒருமுறை. ஆஸ்பத்திரி வந்ததும் இன்னும் கொஞ்சம் நேரம். நான் எதையோ யோசிக்கிறேன் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் யோசிப்பதில்லை. நீ மூச்சு வாங்கிக்கொண்ட இடங்கள் அவை. வேறு எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியாது.