ஏழாம் அத்தியாயத்துப் பின்கதவு

ஈராட்டுப்பேட்டை
5-10-1984

மதிப்புக்குரிய குரியன் சாருக்கு, கர்த்தர் ஈசோவுக்குத் தோத்திரம்.

நான் உங்கள் மர்மத் தொடர்களை ஒன்றுவிடாமல் படிக்கிறவள். வியாழக்கிழமை வாரிகை வந்து உங்கள் தொடர் இருக்கும் பக்கத்தைப் பிரித்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டேன். நேற்று எழுந்துபோய்ப் பின்கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழாம் அத்தியாயத்தில் கொலைகாரன் நோட்டம் விடுகிற வீடு என் வீடு!

பலகை இடுக்கில் ரப்பர் வெட்டும் கத்தியை விட்டால் குறுக்குக்கட்டை தூக்கிக்கொள்ளும் என்பது எனக்கும், செத்துப்போன என் புருஷன் மாத்தனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஒரு காது மடங்கிய என் நாய் கைசரையும் நீங்கள் விடவில்லை. போன கோடையில் ரப்பர் மரம் விலைக்குக் கேட்டு வந்தவர் நீங்கள்தானே? "கதவு தேக்கா சேச்சி?" என்று தட்டித் தட்டிப் பார்த்தீர்களே. சீரகத் தண்ணீர் கொடுத்தவளுக்கு இதுவா கைம்மாறு?

மகள் ஜெர்மனியில் நர்ஸ். வீட்டில் நானும் கைசரும்தான். கதையில் வீட்டை மாற்றிவிடுங்கள் சார், எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் வாசகி,
ஏலிக்குட்டி

---

கோட்டயம்
8-10-1984

அன்புள்ள ஏலிக்குட்டி சேச்சிக்கு,

அகப்பட்டுக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள். பார்க்காத வீட்டுக்குள் என் பேனா நுழையாது, அதுதான் என் வியாதி. போன தொடருக்காகச் சவப்பெட்டிக் கடையில் மூடியைச் சாத்தச் சொல்லிப் படுத்தேன். கடைக்காரர் அப்படியே சாப்பிடப் போய்விட்டார். இன்னொரு தடவை, "சாகிறதுக்கு எவ்வளவு போடணும்?" என்று மருந்துக்கடையில் கேட்டு போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்தேன்.

மூன்று வார அத்தியாயங்கள் முன்கூட்டியே அச்சகத்துக்குப் போய்விடும், அவற்றைத் தொட முடியாது. அதற்குப் பிறகு வருவதில் வீட்டை மாற்றிவிடுகிறேன்.

எனக்குக் கை நடுக்கம். கதையோ கடிதமோ நான் சொல்லச் சொல்ல என் உதவியாள் பைலிதான் எழுதுவார், கையெழுத்து மட்டும் என்னுடையது. அன்று என்னோடு வந்து, தண்ணீர்கூட வேண்டாமென்று நாயைத் தடவிக்கொண்டு நின்றாரே, அவர்தான்.

அன்புடன்,
குரியன்

---

ஈராட்டுப்பேட்டை
18-10-1984

குரியன் சாருக்கு,

கைசர் செத்துவிட்டான். வாயில் நுரை தள்ளி, கிணற்றடியில் கிடந்தான். பிள்ளையைப் போல வளர்த்தேன் சார்.

இன்று வந்த வாரிகையில், காது மடங்கிய நாய் விஷம் தின்று கிணற்றடியில் சாகிறது. ஆனால் என் கைசர் செத்தது திங்கட்கிழமை! வாரிகை வருவதற்கு மூன்று நாள் முன்னால். அப்படியானால் இது எவனோ வாசகன் செய்தது இல்லை. அச்சாகும் முன்பே கதை தெரிந்தவர்கள் யார் யார்?

ஸ்டேஷனுக்குப் போனேன். "கதை படிச்சுப் பயந்துட்டீங்க சேச்சி. ஒரு மாசம் வாரிகைய நிறுத்திப் பாருங்க, தூக்கம் நல்லா வரும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். பாலாவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா, பின்கதவைக் கல் வைத்துக் கட்டிவிடலாமா என்று கிடந்து தவிக்கிறேன். உடனே எழுதுங்கள்.

ஏலிக்குட்டி

---

கோட்டயம்
22-10-1984

ஏலிக்குட்டி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவன்தான் காரணம். அவனைப் பிடித்தாகிவிட்டது. இனிப் பயம் வேண்டாம். தங்கை வீட்டுக்குப் போக வேண்டாம். கதவை மாற்ற வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம். துணைக்கு வியாழக்கிழமை பைலியை அனுப்புகிறேன்.

குரியன்

---

கோட்டயம்
25-10-1984

சேச்சி,

இது என் சொந்தக் கையெழுத்து. கோணல்மாணலாக இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். பைலியின் மேஜை இழுப்பறையில் பிரித்துக் கிடந்தது. நான் அதற்குப் பதில் எழுதவில்லை. என் பெயரில் ஏதாவது வந்திருந்தால் அது நான் இல்லை.

மூன்று நாளாகப் பைலி வேலைக்கு வரவில்லை. சந்தேகம் வந்து அச்சகத்துக்கு ஓடினேன். அடுத்த வாரம் வரவேண்டிய அத்தியாயத்தில், நான் சொல்லி எழுத வைத்தபடி, குறுக்குக்கட்டை நகரும்போதே போலீஸ் வந்துவிடுகிறது, அந்தப் பெண் தப்பிக்கிறாள். பைலி எழுதிக் கொடுத்ததில் அவள் தப்பவில்லை. வந்தவனுக்கு அவளே கதவைத் திறந்து விடுகிறாள்.

பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போலீசோடு அடுத்த வண்டியில் நானும் வருகிறேன். பைலி வந்தால் திறக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன் சேச்சி, திறக்காதீர்கள்.

குரியன்

---

ஈராட்டுப்பேட்டை
25-10-1984

அன்புள்ள குரியன் சாருக்கு,

உங்கள் பதில் வந்த பிறகுதான் கஞ்சி தொண்டையில் இறங்கியது. இந்தத் தடவை கேலியே இல்லையே என்று ஒரு குறை, அவ்வளவுதான். நீங்கள் சொன்னபடி கதவைத் தொடவில்லை. என்னை அழைத்துப்போக வந்த தங்கையையும் காலையில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பைலி இப்போதுதான் வந்து சேர்ந்தார். பாவம், நல்ல மனுஷர். கைசரைப் பற்றிச் சொன்னதும் கண் கலங்கிவிட்டார். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பிரியமாகச் சாப்பிட்டார். பின்கதவுக் கட்டையைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் லேசாத்தான் வருது சேச்சி" என்று சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சற்று முன் யாரோ கண்டக்டர் வாசலில் நின்று கூப்பிட்டார். நான் கை கழுவிக்கொண்டிருந்ததால் பைலியே போய் என்னவோ வாங்கி வைத்திருக்கிறார். கேட்டால், "அப்புறம் படிக்கலாம் சேச்சி, அவசரமில்ல" என்கிறார்.

இதையும் தானே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஏலிக்குட்டி