லிப்ட் எழுதி வைத்தது

மார்ச் 4, புதன்
நேற்று மாலை அடுக்குமாடி லிப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஐந்தாவது மாடி டீச்சர், ஒன்றரை மணி நேரம். லிப்டைப் பராமரிப்பவன் நான், போய் இறக்கிவிட்டேன். மீதி மாடியைப் படியில் ஏறிப் போனார்.

கதவுப் பழுது என்று லிப்ட் முன்பே எச்சரித்திருக்கிறது. யாரோ சாவி போட்டு அதை அழித்திருக்கிறார்கள். சாவி இரண்டு: ஒன்று என்னிடம், மற்றது காவலாளியிடம். மேலாளர் யோசிக்கவே இல்லை, காவலாளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "நான் தொடவே இல்ல தம்பி," என்றார் காவலாளி, என்னைப் பார்த்து.

மார்ச் 5
லிப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி நடப்பதையெல்லாம் ஒரு மெமரி கார்டில் எழுதி வைக்கிறது. எடுத்து வந்து மனைவியின் கணினியில் போட்டேன். புத்தகங்களுக்குத் தட்டச்சு செய்பவள். ஒரே எடிட்டர் மென்பொருளை இருபது வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அதில் திறந்தால் — புழு நெளிகிற மாதிரி எழுத்துகள். கோப்புப் பெயரெல்லாம் .lft என்று முடிகிறது. இதென்ன வால்?

மார்ச் 6
ஒரு மாதப் பதிவு இவ்வளவு சின்னதாக எப்படி இருக்கும்? கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். "சுருக்கி வச்சிருக்காங்க!" ஒரு கோப்பை நகலெடுத்து, வாலைச் சுருக்கிய கோப்புகளுக்குரிய .gz என்று மாற்றினாள். திறந்தது! எடிட்டருக்கு விரிக்கத் தெரியும். ஆனால் வாலைப் பார்த்துத்தான் விரிக்கும்.

"அப்ப எல்லாத்துக்கும் பேரை மாத்திடலாமே?"

"மாத்தினா நீங்களே திருத்தினீங்கன்னு சொல்லமாட்டாங்களா? எடிட்டருக்குச் சொல்லிக் கொடுப்போம்."

மார்ச் 7
எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி: .lft வந்தால் .gz போலவே நடத்து. சேர்த்தும் அதே புழுக்கள். ஏன்? மதியம்வரை மண்டையை உடைத்துக்கொண்டோம். விரிக்கும் வசதியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டுமாம். லிப்டும் அப்படித்தான் என்றேன், முறைத்தாள்.

போட்டதும் வரிவரியாகப் பதிவுகள். செவ்வாய் 2.05: கதவுப் பழுது. 2.06: எச்சரிக்கை அழிக்கப்பட்டது, சாவி எண் ஒன்று.

ஒன்று என்னுடையது.

அன்று பல்பு மாற்றத்தான் போனேன். சிவப்பு விளக்கு எரிந்தது... சாவி போட்டேனா? ஐயோ, போட்டேன்டா. கைப்பழக்கத்தில் போட்டுவிட்டு மறந்தே போனேன்.

மார்ச் 8
எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாதே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9
மேலாளரிடம் பதிவைக் காட்டினேன். என் சாவியை வாங்கிக்கொண்டார். இனி பதிவைப் படித்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதையும் அழிக்கலாம். காவலாளியை அவர் வீட்டுக்கே போய் வேலைக்கு அழைத்தேன். "அன்னைக்கே ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாமே தம்பி," என்றார். கதவைச் சாத்தவில்லை.

மார்ச் 24
வாரப் பதிவில் ஒரு விநோதம். தினமும் காலை 7.30: ஐந்தாவது மாடியில் அழைப்பு, கதவு திறந்தது, எடை இல்லை, கதவு மூடியது. கூப்பிட்டுவிட்டு ஏறாமல் போவது யார்? காவலாளியைக் கேட்டேன்.

"டீச்சர்தான். கதவு திறந்ததும் நின்னு பாப்பாங்க. அப்புறம் படியில இறங்கிடுவாங்க."

மார்ச் 26
இன்றைய பதிவு: காலை 7.31, ஐந்தாவது மாடி, கதவு திறந்தது, எடை நூற்றெண்பது கிலோ. டீச்சர், காவலாளி, நான்.