சடங்குக் கார்டு

என்னங்க,

இதை உங்கள் சோற்று டப்பாவோடு வைக்கிறேன். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் படியுங்கள். மகள் எதிரில் சொல்ல முடியவில்லை.

லோஷினியின் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. "அட்ரஸ எதுக்குடி குடுத்த?" என்று அடித்தீர்களே, "நான் குடுக்கலப்பா" என்று அந்தப் பதிமூன்று வயதுப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது உண்மை. போனில் பள்ளிப் பையன் என்று அவளிடம் பழகிய அந்த ஆள், நம் வீடு தேடி வந்து கேட்டை உலுக்கியது அவள் சொல்லி அல்ல.

ஊரே வரட்டும் என்று அவளுடைய சடங்குக் கார்டைப் படத்தோடும் விலாசத்தோடும் பேஸ்புக்கில் போட்டீர்கள். போலீஸ்காரம்மா நேற்று அதைத் திறந்து காட்டினார். கீழே அவன், அவளிடம் போனில் சொன்ன அதே பெயரில் வாழ்த்து எழுதியிருக்கிறான்.

"கண்டிப்பா வீட்டுக்கு வாங்க" என்று நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள்.

அவளுடைய அம்மா