கடைசிப் படியின் சுரம்

நியூயார்க்
ஜனவரி 9, 1957

என் வினிக்கு,

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. போகட்டும். ஓரினுக்கு முழங்கால் வலி தேவலையா?

செய்தி இதுதான். நம் ‘ஆப்பிள் பருவம்’ தொலைக்காட்சிக்குப் போகிறது. மார்ச் பத்து, ஞாயிறு மாலை, தொண்ணூறு நிமிடம், நேரடி ஒளிபரப்பு. மூன்று இசை நாடகங்களை மேசையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் அடித்துக்கொண்டார்கள். ஒன்றில் கொலை, ஒன்றில் விவாகரத்து. விளம்பரம் கொடுப்பது சோப்புக் கம்பெனி. அவர்களுடைய ஆள், “குடும்பத்தோட உக்காந்து பாக்குறாங்க சார், சுத்தமா ஏதாவது போடுங்க” என்று சொல்லிவிட்டார். சுத்தமாக மிஞ்சியது நம்முடையது.

தயாரிப்பாளர் ப்ரூயிட் எனக்கு அத்தை வேடம் கொடுத்திருக்கிறார். கூடவே, கதாநாயகி லோட்டிக்குப் பெண் தேடும் வேலையும். பழைய லோட்டி ஆயிற்றே நான். நூற்று நாற்பது பெண்களைப் பாடவைத்தாயிற்று. எல்லோருக்கும் ஒரே பரீட்சை: கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டே பன்னிரண்டு படி ஏற வேண்டும், மேல்படியில் அந்த உச்ச சுரம். முடியாதவளிடம் ப்ரூயிட் சொல்வார்: “இந்தம்மா நானூத்திப் பதினோரு தடவை மேடையில பாடினாங்கம்மா. அதுவும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு!” நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பியைக் கலக்கிக்கொண்டிருப்பேன்.

ஏன் முதுகைக் காட்டினேன் என்பது இன்றைக்கு உயிரோடிருப்பவர்களில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

க்ளெண்டா நோவாக் என்று ஒருத்தி வந்தாள். பத்தொன்பது வயது, பிட்ஸ்பர்க்காரி. அவள் சிரித்ததும் அறையில் எல்லோரும் சிரித்தோம். லோட்டி அவள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உச்சியில் குரல் உடைகிறது. இப்படியே போனால் அனுப்பிவிடுவார்கள். நீ ஒரு வாரம் வரமாட்டாயா? ஒரே ஒரு சுரம். மேல்படிக்குப் பின்னால் அன்றைக்கு இருந்த அதே கொட்டகைக் கதவு இந்த அரங்கத்திலும் இருக்கிறது. அவள் வாயை அசைக்கட்டும், நீ பின்னால் நின்று பாடு. கொஞ்சம் யோசி.

உன்
ரோஸ்

*

சாண்டஸ்கி, ஒஹையோ
ஜனவரி 17

அன்புள்ள ரோஸ்,

பேரிக்காய் வந்தது, இனித்தது. கடிதம் எழுதாதது என் தப்பு. ஓரின் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, பனி விழுவதற்கு முந்தின நாளே எனக்கு அறிவிப்பு வந்துவிடுகிறது.

வரமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் ஆப்பிள் பெட்டி மேல் ஏறி நின்று நானூற்றுப் பதினோரு முறை பாடினேன். நடனக் கூட்டத்தோடு ஆடி முடித்த மூச்சு அடங்குமுன் ஓடிவந்து பெட்டியில் ஏற வேண்டும். உனக்குத் தொண்டை கட்டிய முதல் வாரத்துக்குத்தான் என்று ஆரம்பித்தோம். பிறகு பத்திரிகைக்காரர்கள் உன் முதுகைப் புகழ்ந்து எழுதிவிட்டார்கள், இறங்க வழியில்லை. யாரிடமும் சொல்லாதே என்று கேட்டாய். கட்டிய கணவன் ஓரினிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. அதெல்லாம் எனக்கு வருத்தமில்லை. சில நாள் பெருமையாகக்கூட இருக்கும்.

ஆனால் அந்தப் பெண்களை நினைத்தால் வயிறு எரிகிறது. உன்னாலேயே முடியாததை, நீ செய்ததாகச் சொல்லி, நூற்று நாற்பது பேரை அழவைத்து அனுப்புகிறீர்களே! நீயும் காப்பியைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே! அப்புறம், மேடையில் முதுகைக் காட்டலாம், கேமராவுக்குக் காட்ட முடியுமா? முகத்துக்கு நேரே வந்து நிற்கும். வேறொருத்தியின் மூச்சு அவள் தொண்டையில் ஓடாததைச் சின்னப் பிள்ளை கண்டுபிடிக்கும்.

உண்மையைச் சொல்லிவிடு ரோஸ். பாட்டை ஒரு கட்டை இறக்கச் சொல். க்ளெண்டாவிடம் சொல், மூன்றாம் படியில் நின்று, அவசரப்படாமல், நிறைய மூச்சு எடுக்கட்டும். படி எங்கேயும் ஓடிவிடாது.

அன்புடன்,
வினி

*

நியூயார்க்
பிப்ரவரி 2

வினி,

உன் கடிதத்தைப் பத்து நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். என்னிடம் வேறென்ன இருக்கிறது சொல்? இரண்டு கணவர்கள் போனார்கள், மூட்டு போனது, அந்தச் சுரம் ஒன்றுதான் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நேற்று க்ளெண்டா மறுபடி பாடினாள், மறுபடி உடைந்தது. ப்ரூயிட் வழக்கம்போல, “இந்தம்மா...” என்று தொடங்கினார். நான் எழுந்து, “இந்தம்மா பாடல. கதவுக்குப் பின்னாடி நின்னு வினிஃப்ரெட் ஹாஸ்கல்னு ஒருத்தி பாடினா. நான் வாயை மட்டும் தொறந்தேன்” என்றேன்.

பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார். சோப்புக் கம்பெனி ஆள், “அப்போ அன்னிக்கு எங்கப்பா தோள்மேல ஒக்காந்து நான் கைதட்டினது யாருக்கு?” என்று கேட்டார். “பாதி எனக்கு, பாதி அவளுக்கு” என்றேன். ப்ரூயிட் பியானோக்காரர் பக்கம் திரும்பி, “ஒரு கட்டை எறக்குங்கப்பா” என்றார். க்ளெண்டா பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள்தான் லோட்டி. உன் மூன்றாம் படி யோசனையையும் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் கேட்டு வாங்கியிருக்கிறேன். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, கடைசியில் உன் பெயர். மார்ச் பத்தாம் தேதி தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு நகராதே.

ரோஸ்

*

சாண்டஸ்கி
மார்ச் 11

அன்புள்ள ரோசலிண்ட்,

எங்களிடம் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை என்பது உனக்கு நினைவிருக்காது. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு, தேவாலயப் பாட்டுக் குழுவையும் அழைத்திருந்தேன். பதினான்கு பெண்கள், ஓரின், நான் சுட்ட இரண்டு செர்ரிப் பழப் ‘பை’ பலகாரம். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. பெயர் வரும்போது தானே தெரியட்டும் என்று இருந்தேன்.

க்ளெண்டா நன்றாகப் பாடினாள். நீயும் நன்றாகச் செய்தாய்.

பெயர்கள் ஓடின. நடித்தவர்கள் வந்தார்கள், தையல்காரர் வந்தார், விளக்குக்காரர் பாதி வந்தார், அதற்குள் சோப்பு வந்துவிட்டது. “எதுக்கு வினி நின்னுக்கிட்டே பாத்தே?” என்று ஓரின் கேட்டார். கால் மரத்துவிட்டது என்றேன்.

கோபமில்லை என்று எழுதினால் பொய். கதவுக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு இப்படி வலித்ததில்லை. நான் கேட்கவே இல்லையே, நீயாகத்தானே சொன்னாய்? கொஞ்ச நாள் எழுதாதே.

வினிஃப்ரெட்

*

நியூயார்க்
மார்ச் 14

வினி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டுவதை அப்புறம் திட்டு.

பெயர்களைக் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தில் எழுதி, ஓர் உருளையில் சுற்றி, கேமராவுக்கு முன்னால் ஒருவர் கையால் சுழற்றுகிறார். எவ்வளவு நேரம் மிச்சமோ அவ்வளவுதான் ஓடும். ஒத்திகையில் ஐம்பது நொடி மிச்சமிருந்தது. உன் பெயர் தெளிவாக வந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிறன்று க்ளெண்டா மூன்றாம் படியில் நின்றாள். நீ சொன்னபடியே மூச்சு எடுத்தாள். ஆனால் பாடவில்லை. கீழே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். இசை நடத்துபவர் கையைத் தூக்கியபடியே காத்திருந்தார். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, பாடிக்கொண்டே ஏறினாள். அவ்வளவு அழகாக அந்தப் பாட்டை நானோ நீயோ பாடியதில்லை. அதற்குப் போனது முப்பத்தைந்து நொடி. உன் பெயரைத் தின்றது உன் யோசனைதான் வினி, சத்தியமாக.

உன் பெயர் இருந்த துண்டை உருளையிலிருந்து வெட்டித் தரக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றார்கள். க்ளெண்டா கத்தரிக்கோலோடு போய் வாங்கிவந்தாள். இத்துடன் இருக்கிறது.

ரோஸ்

*

சாண்டஸ்கி
மார்ச் 21

என் ரோஸுக்கு,

தாள் மடங்காமல் வந்தது. ‘லோட்டியின் கடைசிச் சுரம், 1932: வினிஃப்ரெட் ஹாஸ்கல்’. அடுக்களை மேசையில் விரித்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இருக்கிறது.

ஓரின் காப்பிக்கு வந்தவர் பார்த்துவிட்டு, “இது என்னடி?” என்றார். சொன்னேன். எல்லாவற்றையும். காப்பி ஆறிப்போனது. “இருபத்தஞ்சு வருஷமா இதை வயித்துல வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்டே?” என்று கேட்டார். அப்புறம், “சரி, பாடு” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துப் பாட வெட்கமாக இருந்தது. மாடிப்படி ஏறி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். “வெளிய வந்து பாடு, நான் ஒருத்தன்தானே இருக்கேன்!” என்று கீழேயிருந்து கத்தினார். வந்தேன். மேல்படியில் நின்று, அவரைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

சுரம் வரவில்லை ரோஸ், உடைந்துவிட்டது. அவர் அந்த முழங்காலோடு எழுந்து நின்று கைதட்டினார்.

ஜூனில் வா. க்ளெண்டாவையும் கூட்டிவா. செர்ரி ‘பை’ சுடுகிறேன்.

உன்
வினி